சரோஜினி நகர் சைக்காலஜிஸ்ட்

சைக்காலஜிஸ்ட் ரத்தம் எடுத்துச் சோதிப்பார் என்று நினைத்து, நான்கு வயது மகளை வெறும் வயிற்றோடு அழைத்துப் போயிருந்தேன். பள்ளியில் "வீட்டிலும் இந்தியே பேசுங்கள்" என்றதிலிருந்து நானும் கணவரும் கடமையாக இந்தியில்தான் பேசினோம். குழந்தையோ கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

சைக்காலஜிஸ்ட் பருமனான பஞ்சாபி அம்மாள். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி தலைமேல் ஏற்றிக்கொள்வார். வெறும் வயிறு என்றதும் விழுந்து விழுந்து சிரித்து, மகளுக்கு பிஸ்கட் கொடுத்தார். பிறகு தரையில் உட்கார்ந்து வண்ணக் கட்டைகளைக் கொட்டி, எங்களை விளையாடச் சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டா, லால் வாலா தோ," என்று சிவப்புக் கட்டையைக் கேட்டேன். மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்னீ பாஷா மே போலியே ஜி," என்று எங்கள் மொழியிலேயே பேசச் சொன்னார் அவர்.

தமிழிலா? பள்ளியில் சொன்னதை மீறலாமா? தயங்கித் தயங்கி, "கண்ணு, அந்தச் செவப்புக் கட்டையக் குடு," என்றேன்.

"அது செவப்பு இல்லம்மா, ஆரஞ்சு!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஒரு சொல்லும் புரியாத அவர் என் கையை உலுக்கி, "க்யா போலீ? ஜல்தி பதாயியே!" என்று, அவள் சொன்னதைச் சீக்கிரம் சொல்லச் சொல்லி என்னைவிடப் பரபரத்தார்.

அவர் அப்படி என்னதான் செய்தார் என்று பஸ்ஸில் யோசிக்கப் பார்த்தேன். மகள் பேசிக்கொண்டே வந்ததில் முடியவில்லை.