இடிக்கு ஊதிய விசில்

உதைபந்தாட்ட மத்தியஸ்தரை வழக்கமாக ஒரு அணிதான் திட்டும். இடி முழங்குகிறது என்று ஆட்டத்தை நிறுத்தினால் இரண்டு அணியும் ஒற்றுமையாகத் திட்டும். குடை கொண்டுபோன நாளெல்லாம் மழை பெய்யாமல் போய், வீட்டாரிடம் கேலி வாங்கியவர் யாராவது இதை வாசித்தால் மத்தியஸ்தரான என் பாடு விளங்கும்.

வெயிலில் இடி

கிண்ணியாவில் ஒரு பின்னேர ஆட்டம். மைதானத்தில் நல்ல வெயில். மேற்கே கறுத்துக் கிடந்த வானத்தில் இடி கேட்டது. இடிச் சத்தம் காதுக்கு எட்டினால் மின்னலும் நம்மை எட்டும் என்று படித்தவன் நான். விசிலை ஊதி, எல்லோரையும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் போகச் சொன்னேன். ஒரு கழகத்தின் செயலாளர் அசையவேயில்லை. "சேர், இடி கந்தளாயில விழுது. அங்க மெச் நடந்தா, அங்க போய் நிப்பாட்டுங்க" என்றார்.

மரத்தடி

அன்புவழிபுரத்தில் மழையோடு இடித்தது; நான் ஊதியதும் வீரர்கள் மறுபேச்சில்லாமல் கலைந்தார்கள். எனக்கே ஆச்சரியம். திரும்பிப் பார்த்தால், அத்தனை பேரும் ஓரத்தில் தனியாக நின்ற வாகை மரத்தின் கீழே! மின்னல் முதலில் தேடுவது அதைத்தான் என்று கத்திக்கொண்டு மழைக்குள் ஓடினேன். கோல் காப்பாளர் பரிவோடு கூப்பிட்டார்: "ஏன் சேர் நனையிறீங்கள்? இஞ்சால வாங்கோ, உங்களுக்கும் இடம் இருக்கு."

ஒரு உதை

இதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. குறிஞ்சாக்கேணி நௌஷாத் பல வருடம் ஆடியும் ஒரு கிண்ணமும் தூக்காதவர். மறுநாள் வேலைக்காகக் கட்டாருக்குப் பயணம். இறுதிப் போட்டி சமநிலையில் முடியப்போகும் நேரம், அவருக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தார். துறைமுகத்துக்கு மேலே இடித்தது.

ஒரே ஒரு உதைதான், விட்டிருந்தால் என்ன என்று நீங்களும் கேட்பீர்கள். நான் ஊதிவிட்டேன். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பொறுக்கப் பொறுக்க இடித்துக்கொண்டேயிருந்து பொழுதும் பட்டுவிட்டது. மைதானத்தில் ஒரு புல்லும் கருகவில்லை. அடுத்த கிழமை ஆட்டத்தை முழுதாகத் திரும்ப வைத்தார்கள். நௌஷாத் இல்லாத அணி தோற்றது.

செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் அன்று சோறு இறங்கவில்லை. சில நாள் கழித்துக் கட்டாரிலிருந்து அவரே அழைத்தார். ஏச்சு வாங்கத் தயாராகத்தான் எடுத்தேன். "உசிரோட இருக்கன் சேர், அதுக்கு உங்களுக்கு நன்றி. ஆனா அந்த பெனால்டிய நான் இங்க ஒவ்வொரு நாளும் அடிச்சிட்டுத்தான் படுக்கிறன்."

என்னால் தோற்றவர்களின் பெயரெல்லாம் எனக்குத் தெரியும். என்னால் தப்பியவர் யாரென்றுதான் இன்றுவரை தெரியாது.