கூரையிலிருந்த கருப்புத் தலை

எங்கள் தாராவி வீட்டுக் கூரையில் ஒரு மழைக்காலம் முழுக்கப் பன்னிரண்டு பேர் குடியிருந்தார்கள். பதினொரு பேருக்கு முகம் இருந்தது. கடைசி ஆளுக்கு இல்லை.

அவர்களைக் கூட்டிவந்தவர் என் தாய்மாமா. அவர் ஃப்ளெக்ஸ் அச்சடிக்கும் கடையில் வேலை பார்த்தார். மழை தொடங்குமுன் பழைய பேனர் ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தகரக் கூரை ஒழுகினாலும் எங்கள் மேல் விழாதபடி உள்பக்கமாக இழுத்துக் கட்டிவிடுவார். அதனால் வருடா வருடம் எங்கள் தலைக்கு மேல் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார்கள். தேர்தலில் தோற்ற ஒருவர் ஒரு மழைக்காலம் பூராவும் எங்களைக் கும்பிட்டபடியே இருந்தார், பாவம்.

அந்த வருடம் அக்கா பத்தாவது எழுதியிருந்தாள். மாமா தேடிப்பிடித்து ஒரு ட்யூஷன் கிளாஸ் பேனரைக் கொண்டுவந்தார். முந்தின வருடம் நிறைய மார்க் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் ஆள் இல்லை. கழுத்தும் தலையுமாக ஒரு கருப்பு உருவம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. அடுத்தது நீதான் என்று கீழே இங்கிலீஷில் ஒரு வரி.

"மருமவளே, டென்ஷன் நை லேனே கா! கவலயே படாத. இந்தக் கருப்பு மண்ட இருக்க எடத்துல ஒம் போட்டோ வரும் பாரு. நானே அடிப்பேன்" என்றார் மாமா.

அக்கா படிப்பதும் படுப்பதும் மாளாவில்தான். ஏணி வைத்து ஏறுகிற மேல்தட்டு அது. நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சந்தலை கூரையில் இடிக்கும். நானும் அங்கேதான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குவேன். கருப்புத் தலை சரியாக அவள் தலையணைக்கு மேலே வந்து அமைந்தது. எனக்கு முதல் நாளே அதைப் பிடிக்கவில்லை. பேய்க்காவது பல், மயிர் என்று ஏதாவது இருக்கும். இதற்கு ஒன்றுமே இல்லை.

அக்காவுக்கோ கவலை வேறு. மாட்டுங்காவில் நல்ல காலேஜ் ஒன்று இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனால் அவள் மார்க்குக்கு அது கிடைக்கும், கிடைக்காது என்று இரண்டு மாதிரியும் சொன்னார்கள். அப்பாவிடம் இரண்டு மாதிரிப் பேச்சே கிடையாது. "மாட்டுங்கா கெடச்சா சரி. இல்லன்னா திருநவேலில அத்த வீட்டுல இருந்து படிக்கட்டும். பொம்பளப் புள்ள தெனமும் ரயில்ல தொங்கிட்டுப் போவ வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அக்கா இல்லாமல் அந்த மாளாவில் தனியாகப் படுப்பதை நினைத்தாலே அவளை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொள்வேன்.

காலேஜில் இடம் கிடைத்தவர்களின் முதல் லிஸ்ட் வந்தது. அக்கா பேர் இல்லை. அன்றிலிருந்து மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் பேனருக்குள் தேங்கியது. அது தொப்பை போலத் தொங்கியது. காற்றடித்தால் உப்பும், பிறகு மெல்ல அமுங்கும். அந்தத் தலை மூச்சு விடுகிறது என்று நான் அம்மாவிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு தூங்கச் சொன்னாள் அம்மா.

இரண்டாம் லிஸ்டிலும் இல்லை. அதற்குள் கருப்புத் தலையின் ஓரத்திலிருந்து பூஞ்சை கிளம்பி, பக்கத்தில் கண்ணாடி போட்டிருந்த பெண்ணின் கன்னத்தில் ஏறியிருந்தது. அம்மா ப்ளீச்சிங் பவுடர் போட்டுத் துடைத்தாள். ஒரே வாரத்தில் அந்தப் பெண்ணுக்கு வாயும் இல்லை, மூக்கும் இல்லை. அடுத்த பையனின் நெற்றியும் கறுக்கத் தொடங்கியது.

அப்போதுதான் அக்கா அந்த விளையாட்டை ஆரம்பித்தாள். மல்லாந்து படுத்தபடியே கேட்பாள்.

"ஏட்டி, எம் மூஞ்சி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

"இருக்குக்கா."

"எல்லாம் இருக்கா?"

"மூக்கு இருக்கு. ரெண்டு கண்ணு இருக்கு. பொட்டு இருக்கு. மோவாய்ல பரு இருக்கு."

பருவைச் சொன்னால் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். சரி என்று மட்டும் சொன்னாள். அக்கா என்னோடு விளையாடி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தினமும் எப்போது கேட்பாள் என்று காத்திருப்பேன்.

"மேல என்னட்டி குசுகுசுன்னு பேசுதிய?" என்று கீழேயிருந்து அம்மா சத்தம் போடுவாள்.

மூன்றாம் லிஸ்ட் வந்த மத்தியானம் வெளியே ஒரே இருட்டாக இருந்தது. மாமா கடையிலிருந்து பார்த்துச் சொல்வதாக ஏற்பாடு. அம்மா என்னிடம், அக்காவைச் சாப்பிடக் கூப்பிடு என்றாள். கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். ஏணியில் ஏறினேன்.

பேனர் ஒரேயடியாக இறங்கியிருந்தது. தண்ணீர் கனத்தில் அந்தக் கருப்புத் தலை புடைத்துக்கொண்டு அக்காவின் தலையணை வரை வந்து தொங்கியது. அக்கா அதன் கீழே அசையாமல் படுத்திருந்தாள். கால் தெரிந்தது, கை தெரிந்தது, பின்னல் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கருப்பாக இருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஏறி வந்தாள். அதே நேரத்தில் கீழே போன் அடித்தது, அப்பா எடுத்தார். கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று மாமா கத்தியது மாளா வரைக்கும் கேட்டது.

அக்கா அந்தக் கருப்புத் தலைக்குக் கீழேயிருந்து நகர்ந்து வெளியே வந்தாள். அவள் முகம் இருந்த இடத்தில்தான் இருந்தது. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன். அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

மாமா சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். இரண்டே நாளில் சந்து முனையில் புதுப் பேனர் ஏறியது. நடுவில் அக்கா, மூலையில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மாமா. தெருவே வந்து பார்த்தது. அப்பா எல்லோருக்கும் ஜிலேபி கொடுத்தார். அக்கா பேனரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து என் காதில் கேட்டாள்.

"ஏட்டி, அது யாரு?"

"நீதான்க்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

நான் பேனரைப் பார்த்து மூக்கு, கண், பொட்டு என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். "அங்க இல்லட்டி, இங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். அவள் கன்னம் சில்லென்றிருந்தது. என் விரலெல்லாம் ஜிலேபிப் பாகு. எல்லாம் இருக்குக்கா என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, இன்னொரு ஜிலேபி வாங்க ஓடினேன்.

அக்கா திருநெல்வேலிக்குப் போகவில்லை. எனக்கு அது போதுமாயிருந்தது. மாட்டுங்காவுக்கு நடந்து போனாள், வந்தாள். படித்து முடித்ததும் பெங்களூரில் வேலை என்று போய்விட்டாள். அந்த விளையாட்டில் நான் பெரிய கெட்டிக்காரி என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு நானும் பத்தாவது எழுதினேன். இரண்டு லிஸ்ட் வந்து, இரண்டிலும் என் பேர் இல்லாமல் போன ஒரு நாள், கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, என் மூஞ்சி இருக்கா என்று யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம் என வீடு முழுக்கத் தேடினேன். எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பிறக்கவில்லை.