கிளட்ச் இல்லாத லாரியும் புளியரை மலைப்பாதையும்

இடது முழங்கால் போன ஓட்டுநருக்கு லாரி வாழ்க்கை முடிந்தது என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினோம். கிளட்சை மிதித்து மிதித்து என் கணவரின் மூட்டு தேய்ந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருடைய முதலாளி கிளட்ச் மிதியே இல்லாத டீசல் லாரி ஒன்றை வாங்கினார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு புளியரை மலையைக் கடந்து காட்டினால் வேலை நிலைக்கும். இல்லையென்றால் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

வளைகுடாவில் பெட்ரோல் பிக்கப் ஓட்டும் கொழுந்தன் விடுமுறைக்கு வந்திருந்தான். "எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒண்ணுதாண்ணே. ஏத்தத்துல நல்லா அமுக்கு, இறக்கத்துல காலை எடு. வண்டி தானா அடங்கும்."

எனக்கு ஐயம் எழுந்தது. பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள் நான். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டையும் வேறு சில நூல்களையும் தேடிப் படித்தேன். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் வலுக்கொள்ளும்; அதன் கியர்ப்பெட்டி அதுவரை காத்திருக்கும். டீசலுக்கு மெல்லச் சுழலும்போதே இழுவை உண்டு. ஆகவே இந்த லாரியின் பெட்டி முந்திக்கொண்டு கியரை மாற்றிவிடுகிறது. காலை எடுத்தால் பெட்ரோல் எஞ்சினில் காற்று வரும் வழி அடைபட்டு, அந்தத் திணறலே சக்கரத்தைப் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடி குறைவு. அதற்காகவே புகை போகும் வழியை மறிக்கும் பிரேக் ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறார்கள்.

"மயினி புஸ்தகத்துலயே லாரி ஓட்டுதாவ," என்று, லாரி ஷெட்டில் நான் இதைச் சொன்னபோது கொழுந்தன் சிரித்தான்.

அங்கே நின்ற முதலாளி என் கணவரிடம், "அப்போ அந்தப் புஸ்தகத்தையும் வண்டியில ஏத்தும்வே," என்றார். முதலாளியோடு நானும் ஏறினேன்.

ஏற்றத்தில் என் கணவர் ஆக்சிலரேட்டரை அமுக்கியபோது எஞ்சின் வீணாக இரைந்தது. காலைத் தளர்த்தியதும் நிதானமாக ஏறியது. மாநில எல்லையைத் தாண்டி இறக்கம் தொடங்கியது. தம்பி சொன்னபடியே காலை எடுத்தார். லாரி அடங்கவில்லை, பாரம் முன்னே தள்ளியது. மறுபடி மறுபடி பிரேக்கை மிதித்தார். காந்தல் நாற்றம் எழுந்தது.

"ஏங்க, ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்க லிவரை இழுங்க, அதுதான் புகையை மறிக்கிற பிரேக்!"

இழுத்தார். கியர் தானாகவே படிப்படியாக இறங்க, எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்தது.

"பிடிச்சிட்டுட்டி!" என்றார், அடுத்த வளைவை நடைவேகத்தில் திரும்பியபடி.

ஆரியங்காவில் தேநீர் குடிக்க நிறுத்தினோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலாளி, "உம்ம இடது காலு எனக்கு வேண்டாம்வே. திங்கக்கிழமை லோடுக்கு வாரும்," என்றார்.

கொழுந்தன் வளைகுடாவுக்குத் திரும்பிவிட்டான். அந்த லாரி ஷெட்டில் என் கணவர் வயதுக்காரர்கள் கிளட்சை மிதிக்க மாட்டாமல் ஒவ்வொருவராக விலகிக்கொண்டார்கள். இன்னும் வண்டி எடுப்பவர் இவர் ஒருவர்தான்.