அத்தை கடைக்கு அடியில் இருந்த பிளவு

பாறைப் பிளவின் சொரசொரப்பை அளக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கடலரிப்பு ஆய்வில் சேர்ந்ததும் பாம்பன் கரையில் எனக்குக் கொடுத்த முதல் வேலையே அதுதான். அளக்க வேண்டிய பாறையோ, அப்பாவின் தங்கை, என் அத்தை, டீக்கடை போட்டிருந்த பாறை.

கடைக்கு அடியில் நீளமாக ஒரு பிளவு, கடலைப் பார்த்துச் சரிந்திருந்தது. பிளவின் இரண்டு முகமும் சொரசொரப்பாக இருந்தால் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். வழவழப்பாக இருந்தால் மேல்பாறை என்றைக்காவது கடையோடு கடலுக்குள் சறுக்கிவிடும். பக்கத்துத் துண்டு முன்பே உடைந்து விழுந்திருந்ததால் அடிமுகம் கைக்கு எட்டியது. சீப்பு மாதிரி வரிசையாகக் கம்பிகள் உள்ள கருவியை அதில் அழுத்தினேன். மேடுபள்ளத்துக்கேற்பக் கம்பிகள் ஏறி இறங்கின. அந்த வடிவத்தைத் தாளில் வரைந்துகொண்டேன்.

அத்தை இறங்கி வந்து, கடலைப் பார்க்காமல் கரையின் நீளவாக்கில் பாறையைத் தடவினாள்.

"இம்புட்டு சொரசொரப்பா இருக்கேடி. நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போ."

"பாறை அந்தப் பக்கமா சறுக்காது அத்தை."

அவள் கையைப் பிடித்துக் கடலை நோக்கி இழுத்தேன். மேடுகளெல்லாம் அந்தத் திசையில் வரிவரியாக ஓடின. குறுக்கே தடவினால் உறுத்தும், வரியோடு போனால் வழுக்கும். கை தடையில்லாமல் போனது. அத்தை வெடுக்கென்று கையை உருவிக்கொண்டாள்.

"கடைய எடுக்கச் சொல்லுவாகளா?"

"சொல்லுவாக."

"எங்கையால எம்புட்டு சோறு தின்னுருப்ப. கொஞ்சம் மாத்தி எழுதுனா ஒங்கையி என்ன தேஞ்சா போயிரும்?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அழுகையும்தான்.

"நீ அடுப்புக்கிட்ட நிக்கையில பாறை சறுக்கிப் போச்சுன்னா நான் யாரப் போயி அத்தைன்னு கூப்புடுவேன்?"

உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கடை சாலையோரம் போனது. படகுக்காரர்கள் அவ்வளவு தூரம் ஏறி வருவதில்லை, வியாபாரம் படுத்துவிட்டது. அத்தை ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பேச ஆரம்பித்ததும் குத்திக்காட்டத்தான். பாறை இன்னும் விழவில்லை அல்லவா? டீயை நங்கென்று வைத்து, "ஒன் பாறை அங்கனதான் கெடக்கு, போயிப் பாரு" என்பாள். நானும் போவேன், மறுபடி அளப்பேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் எழுதுவேன்.

போன வாரம் அப்படி ஓரமாக நின்று அளந்துகொண்டிருந்தபோது, கருவாடு காயப்போட ஓர் ஆள் பாயோடு பாறைமேல் ஏறப் பார்த்தான். சாலையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"ஏலே, அங்கன ஏறாத. அது நிக்காதுன்னு எம் மருமக அளந்து சொல்லிருக்கா."