கொம்பனியாய்க் கிடந்த பேஸ் கிற்றார்

பேஸ் கிற்றாரை வாங்கினபடியே வைத்திருப்பதா, கழற்றி மாற்றுவதா என்று இப்போதும் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு அலுப்பு வந்துவிடும். பதினொரு வருஷம் ஒரு கிற்றாரை மாற்றாமல் வைத்திருந்து நான் பட்ட பாடு எனக்குப் போதும். என்னவாவது செய்து தொலையுங்கள் என்றுதான் சொல்வேன்.

அது அண்ணையின் கிற்றார். யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் பகுதி இசைக்குழுவில் அவர்தான் பேஸ் வாசித்தார். எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருஷம், மார்கழியில், ஜெர்மனிக்குப் போகப் பெட்டி கட்டி முடித்த பிறகு கிற்றாரை எடுத்து என் மடியில் வைத்தார்.

"வாசி. ஆனால் ஒண்டையும் மாத்தாதை. கொம்பனியாய்க் கிடக்கட்டும். ரெண்டு வருசத்திலை வாறன்."

எங்கள் ஊரில் கொம்பனி என்றால் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி, ஒரு ஆணியும் கழற்றப்படாமல் இருப்பது. சைக்கிளோ தையல் மெசினோ, கொம்பனியாய் இருந்தால் அதற்கு ஒரு தனி மரியாதை. புதுச் சைக்கிள் பாரில் சுற்றி வந்த கடதாசியைப் பத்து வருஷமாகக் கிழிக்காத மனிதர்களை எனக்குத் தெரியும். அண்ணையும் அந்த வகைதான். அவர் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சில்லை.

ரெண்டு வருஷம் என்றது ஐந்தானது. நான் பங்குக் கோயில் பாடகர் குழுவில் அந்தக் கிற்றாரை வாசித்தேன். புதுக் கம்பி யாழ்ப்பாணத்தில் கிடைக்காமல் போனபோது, பழையதைக் கழற்றி வெந்நீரில் அவித்துக் காயப்போட்டுத் திரும்பக் கட்டினேன். சோறு காய்ச்சும் பானையில் அவித்ததற்கு அம்மா என்னை ஒரு கிழமை, ஏழு நாளும் ஏசினா. கடற்காற்றுக்கு முறுக்காணிகள் துருப்பிடித்தன. அதற்கும் தேங்காயெண்ணெய் பூசினேனே தவிர மாற்றவில்லை.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்க, யாழ்ப்பாணம் முழுக்கக் கரண்ட் நின்றது. கரண்ட் இல்லாத பேஸ் கிற்றார் என்றால் என்ன? ஒரு பலகை. வேறொன்றுமில்லை.

குழுவில் என்னோடு லீட் கிற்றார் வாசித்த கூட்டாளி ஒருவன் இருந்தான். றேடியோ திருத்துவது அவன் தொழில். ஒரு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து டைனமோவைச் சுற்ற வைத்து, பழைய றேடியோவில் கழற்றிய சின்ன அம்பிளிபயருக்கு அவன் கரண்ட் எடுத்தான். பாடுகிற குரலுக்கு அது காணும். பேஸுக்குக் காணாது. என்னுடையதைக் கூட்டினால் பெடல் இறுகிவிடும், குரல் அமுங்கிவிடும். பூசை நேரம் பெடல் மிதிக்க வந்தவர் ஒரு நாள் பாட்டின் நடுவிலேயே, "தம்பி, நீ கீழ்க்கம்பியிலை கை வைக்க வைக்க என்ரை முழங்கால் கழருது" என்றார். பூசை வைத்துக்கொண்டிருந்த சுவாமியே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு என்னுடைய சத்தத்தை முழுக்கக் குறைத்தோம். நான் வாசித்தேன், ஒருவருக்கும் கேட்கவில்லை. வீட்டில் கிற்றாரின் தலையை அலுமாரிக் கதவில் முட்டுக்கொடுத்து வாசித்தால் பலகைக்குள்ளால் கொஞ்சம் கேட்கும். என் வாசிப்பைக் கேட்டது அந்த அலுமாரி ஒன்றுதான்.

கூட்டாளிக்கு அது பொறுக்கவில்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பில் மெல்லிய செப்புக் கம்பியை இன்னும் அதிகம் சுற்றினால் கிற்றாரே பலமாகக் கொடுக்கும், பெடலுக்குப் பாரம் வராது என்றான். சுருள் பெருக்கும், ஆகையால் பலகையை உளியால் கொஞ்சம் குடைய வேண்டும்.

"குடையவோ? உனக்கென்ன விசரே?"

"அப்ப கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிட. நாய்க்கேன் முழுத்தேங்காய்?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாசிக்க ஆசையும் வந்தது. இருபத்தெட்டு வயதில் கையில் வாத்தியம் இருந்தும் ஊமையாக உட்கார்ந்திருப்பது லேசான காரியமில்லை. அண்ணைக்கு எழுதினேன். பிக்கப்பை மாற்றினால்தான் கேட்கும், பலகையைக் குடைய வேணும், என்ன சொல்றீங்கள் என்று கேட்டேன். மறுமொழி வர எட்டு மாதமானது. வீட்டுச் சுகம், குளிர், வேலை எல்லாம் எழுதி, கடைசியில் ஒரு வரி இருந்தது.

"கிற்றார் விசயம் பாவி உன்ரை கையிலைதானே தந்திட்டு வந்தனான்"

அண்ணைக்குக் கமாவும் ஆகாது, முற்றுப்புள்ளியும் ஆகாது. பள்ளிக்கூடத்தில் இருந்தே அப்படித்தான்.

அம்மா அதைச் சத்தமாக வாசித்தா. "பாவி! உன்ரை கையிலைதானே தந்திட்டு வந்தனான்!" வாசித்துவிட்டு என்னைப் பார்த்தா. "பாத்தியே, அவன்ரை மனம் நொந்து போச்சு. என்ரை மாதாவே, அந்தக் குளிருக்குள்ளை கிடந்து உழைக்கிற பிள்ளையை ஏன்ரா நோகடிக்கிறாய்?"

கூட்டாளி கடிதத்தை வாங்கி வேறுவிதமாக வாசித்தான். "பாவி. உன்ரை கையிலைதானே தந்திட்டு வந்தனான்." எங்களிடம் பாவிப்பது என்றால் பயன்படுத்துவதும்தான். சட்டியைப் பாவிப்போம், சவர்க்காரத்தைப் பாவிப்போம். "கொண்ணை உன்னைப் பாவிக்கச் சொல்லுறார். உன்னட்டைத் தந்தது, நீ பாத்துச் செய் எண்டுறார். விளங்கேல்லையே?"

நான் அம்மா வாசித்ததைத்தான் நம்பினேன். சின்ன வயதில் இருந்து அண்ணையிடம் பேச்சு வாங்கி வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லில் ஏச்சுத்தான் கேட்டது. கேட்டதற்கு ஒரு ஏச்சா என்று எனக்கும் மனம் கசந்துபோனது. மறுமொழி போடவில்லை. அம்மாவின் கடிதங்களில் "தம்பி சுகம்" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் என்னைப் பற்றி ஒன்றும் போகவிடவில்லை. அண்ணை கோபம் என்று நான் இருந்தேன். அடுத்த வருஷம் கூட்டாளி குடும்பத்தோடு மன்னாருக்குப் போய்விட்டான். போகிற அன்றைக்கும், "இப்பவெண்டாலும் தா, ஒரு நாள் வேலை" என்றான். நான் கொடுக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஆமி கிட்ட வர, ஊரை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட அன்று கிற்றாரைச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் பாரோடு கட்டினேன். அம்மா பின்னால் உடுப்பு மூட்டையோடு நடந்தா. அரியாலை தாண்டவே அரை நாள். மழை. சாக்கு விலகிக் கிற்றாரின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு கிழவர் கத்தினார். "உதை மூடு மோனை! மேலை ஹெலியிலை பறக்கிறவனுக்குத் துவக்கு மாதிரித் தெரியும். உன்னாலை நாங்களும் சாகவோ?" இடுப்பில் கட்டியிருந்த என் சறத்தின் கரையைக் கிழித்து மூடினேன். அந்தப் பாரத்தை நாவற்குழிப் பாலத்தில் நின்று கடலுக்குள் எறிந்தால் என்ன என்று உண்மையாகவே நினைத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வைச்சிரு, அவன் வந்து கேப்பான்" என்றா.

கொடிகாமத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு மாதம் கழித்து, கொழும்பில் இருந்து வந்த ஒருவர் அண்ணையின் கடிதத்தைக் கொண்டுவந்தார். எனக்கென்று தனியாக எழுதியிருந்தார். முற்றுப்புள்ளிகள் நான் போட்டவை.

"பாவிச்சுக்கொள் எண்டு எழுதி ரெண்டு வருசமாகுது. நீ ஒரு சொல்லும் எழுதேல்லை. என்னிலை என்ன கோவம். மாத்தின பிறகு எப்பிடிக் கேக்குது எண்டு ஒரு கசற்றிலை பதிஞ்சு அனுப்புவாய் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன். வேலையாலை வந்தால் இஞ்சை கதைக்க ஒரு ஆளில்லை. கொம்பனி எண்டு நான் சொன்னது அப்பத்தையக் கதை. நான் இனி எங்கை வாசிக்கப் போறன்."

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டா. "நான்தான் பிழையாய் வாசிச்சன்" என்றா. அதை நம்பினவன் நான். ரெண்டு வருஷம் ஒரு மனிதரைத் தனியே விட்டோம். கமா இல்லாததற்கு.

வெட்கமும் ஆத்திரமும் தாங்காமல் அன்று பின்னேரமே பக்கத்துத் தச்சரிடம் உளியும் திருகாணிச் சாவியும் வாங்கிவந்து கிற்றாரைப் பிரித்தேன். அந்த வேலை எனக்குத் தெரியாது. தெரிந்தவன் மன்னாரில். பிக்கப்பை நெம்பும்போது உளி வழுக்கியது. தலைமயிரிலும் மெல்லிய அந்தக் கம்பிச் சுருள் அறுந்து இழை இழையாகக் கையோடு வந்தது. ஒட்டவும் முடியாது, சுற்றவும் முடியாது. இனிக் கரண்ட் வந்தாலும் அது பேசாது. அம்மா பக்கத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா.

கடிதம் கொண்டுவந்தவர் மறுநாள் காலை திரும்பக் கொழும்புக்குப் போகிறார் என்றார்கள். கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து எடுத்தேன்.

"அண்ணை, கோவம் ஒண்டுமில்லை. நீங்கள் சொன்னபடி மாத்திப்போட்டன். நல்லாய்க் கேக்குது. கசற் பதிய இஞ்சை வசதியில்லை, பிறகு அனுப்புறன்."

எழுதியதை அம்மாவுக்கு வாசித்தேன். பொய் எழுதுகிறாயே என்று ஏசுவா என்றுதான் நினைத்தேன். அவ ஏசவில்லை. அறுந்த கம்பிகளைக் கூட்டி ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "நீ வாசிக்க நானும் கேட்டனான் எண்டு எழுது" என்றா.