கூலன்ட் வாங்கப் போன இடத்தில்

இன்று காலை அம்மாவை உடுமலையில் கண் டாக்டரிடம் அழைத்துப் போகக் கிளம்பினேன். காருக்கு அடியில் பச்சையாக ஈரம். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒழுகியிருந்தது.

எங்கள் ஊரிலேயே ராயபுரத்தில் இருக்கும் உதிரிபாகக் கடைக்கு மெதுவாக ஓட்டிப் போனேன். கடைக்காரர் பச்சை கூலன்ட் ஒரு லிட்டர் எடுத்து வைத்தார். கூடவே ஒரு சின்ன டப்பா.

"இதையும் ஊத்திருங்க அம்மணி. எங்க ஓட்டை இருந்தாலும் தானா அடைச்சுக்கும்."

பக்கத்தில் நின்ற பெரியவர், "எதுக்குங்க வெட்டிச் செலவு? நான் போர் தண்ணிதான் ஊத்தறனுங்க" என்றார். எங்கள் ஊர் போர் தண்ணீரின் உப்பை நினைத்துக்கொண்டு சிரித்துவைத்தேன்.

கடைக்காரரிடம் கேட்டேன். "எந்த ஓட்டையை அடைக்கணும், எதை விடணும்னு இதுக்கு எப்படிங்க தெரியும்?"

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். "தெரியாதுங்க. சில சமயம் ரேடியேட்டரையும் சேர்த்து அடைச்சுரும். என்ற வண்டிக்கு நான் ஊத்தமாட்டனுங்க."

கூலன்டை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பக்கத்து மெக்கானிக் குனிந்து பார்த்து, ரப்பர் குழாயின் கிளிப் தளர்ந்திருப்பதாகச் சொன்னார். முறுக்கியதும் ஒழுகல் நின்றது. கூலன்ட் ஊற்ற எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தபோது, பெரியவர் கடையிலிருந்து வந்தார். கையில் அதே டப்பா.

"ஏனுங்க, கடைக்காரரே ஊத்தமாட்டேன்னு சொன்னாரே?"

"நம்ம வண்டி நாலு எடத்துல ஒழுகுதுங்க. எதை அடைச்சாலும் லாபந்தானுங்களே!"

டப்பாவைத் தன் வெள்ளை அம்பாசிடரில் வைத்துக்கொண்டு பல்லடம் பக்கம் கிளம்பிவிட்டார்.

நாங்கள் டாக்டரிடம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பல்லடம் சாலையில் ஆவி பறக்க ஒரு வெள்ளை அம்பாசிடரை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.