பன்னிரண்டு வேர்ப் பெண்கள்

ரோஸ்லினைப் பற்றி நான் சொல்ல நினைப்பவை:

1. அவர் செதுக்கிய உருவங்கள் பன்னிரண்டு; அத்தனையும் பெண்கள்.
2. செதுக்கக் காரணம் ஒரு சொல்.
3. அதை எழுதியவன் நான்.

வரிசை போடாமல் எனக்கு எழுத வராது; எஸ்டேட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த பழக்கம். போன செவ்வாய்க்கிழமை குன்னூர் மார்க்கெட்டில், அவரோடு கொழுந்து பறித்த மணி என்னை நிறுத்தி, "ரோஸ்லினக்கா போயிட்டாங்க சார்" என்றாள். வாங்கிய கேரட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியை, வேலை வாங்கும் மேஸ்திரி தேயிலைக்குள் இழுத்துப்போய்க் கெடுத்தான். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. பதிவேட்டில் 'லீவு' என்று எழுதினேன். ரோஸ்லின் ஆபீஸுக்கு வந்து அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"லீவுன்னா அவளாக் கேட்டு வாங்கறதுங்க சார். இதை அவ கேட்டாளா?"

எனக்கு மேஸ்திரியிடம் பயம். "ஊட்டுக்குப் போம்மா, பாக்கலாம்" என்றேன். பார்க்கவில்லை. அந்தப் பெண் திருப்பூருக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகுதான், மறுநடவுக்காகப் பிடுங்கிப்போட்ட தேயிலை வேர்களை ரோஸ்லின் தன் வாசலுக்கு இழுத்துவந்தார். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த நான் வேலியோரம் நின்றேன். உள்ளே பெண்கள் கூடைகளோடு கூடியிருந்தார்கள்.

"மேஸ்திரி வர்றப்ப எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க புள்ளைகளா" என்றார் ரோஸ்லின்.

"போட்டோவாக்கா? இருங்க, பவுடர் போட்டுட்டு வர்றேன்" என்றாள் மணி. எல்லோரும் சிரித்தார்கள். நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருத்தியும் முதுகுக் கூடையை மார்புக்கு முன்னால் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு உருவங்களையும் பேக்டரிப் பாதையில் நட்டார். மேஸ்திரி நின்று கேட்டான்: "யாருங்க இவளுக?"

"தெரியலீங்களா? நீங்க பாக்கறப்ப நாங்க இப்படித்தானுங்க இருக்கோம்."

அவனை வேறு டிவிஷனுக்கு மாற்றினார்கள். அங்கேயும் பெண்கள்தான் கொழுந்து பறிக்கிறார்கள். உருவங்களை அப்புறப்படுத்தி பேக்டரி அடுப்பில் போட்டார்கள். பன்னிரண்டு என்று அப்போது குறித்துக்கொண்டவனும் நானே.

இதை எழுதும்போது முதல் குறிப்பு உறுத்துகிறது. அந்த ஞாயிறு ரோஸ்லின் வேலிப் பக்கம் திரும்பி, "சார், அவன் வர்றப்ப நீங்க எப்படி நிப்பீங்க?" என்று கேட்டார். பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள். நான் நின்றபடி நின்றேன். ஒரு மாதம் கழித்து, துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "இதை வரிசையில வெக்காதேம்மா" என்று கெஞ்சினேன்.

"அப்ப நீங்களே வெச்சுக்கங்க சார்" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

முதல் குறிப்பு தவறு. அவர் செதுக்கியவை பதின்மூன்று. எரியாமல் மிஞ்சியது ஒன்று, என் பீரோவில், துணிகளுக்குப் பின்னால் இருக்கிறது: பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கும் ஓர் ஆண்.